அரசு உதவித்தொகைக்குக் கொடுத்த விவரம் கசிந்துவிட்டதா? இழப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். மாதம் ₹1,200 முதியோர் பென்ஷன் வாங்குபவர். பேரன் கல்யாணத்துக்காக எடுக்காமல் சேர்த்து வைத்திருந்தார். பல வாரம் கழித்துப் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோது அடுத்தடுத்து மூன்று வரி, மூன்றிலும் ‘ஏஇபிஎஸ்’ (ஆதார் எண்ணும் கைரேகையும் வைத்துப் பணம் எடுக்கும் முறை) என்று அச்சாகியிருந்தது. ₹7,000, ₹7,000, ₹3,500. “நான் எங்கயும் கை வைக்கலையேப்பா” என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவருக்கு மனு எழுதிக் கொடுத்ததில் ஆரம்பித்தது, இப்போது வாரம் ஒருவராவது பாஸ்புக்கோடு வாசலில் நிற்கிறார்கள். எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அரசுத் துறையிடம் கொடுத்த ஆதார், வங்கிக் கணக்கு விவரம் கசிந்துவிட்டது. அதற்காக அரசு எனக்கு இழப்பீடு தருமா?

விவரம் கசிந்தது, ஆனால் பணம் எதுவும் போகவில்லை என்றால், படிவம் நிரப்பி அரசிடம் இழப்பீடு வாங்கும் ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் இல்லை. உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கசிந்த விவரத்தை வைத்து யாரோ உங்கள் கணக்கிலிருந்து பணத்தை உருவிவிட்டார்கள் என்றால் கதையே வேறு. அந்தப் பணத்தை வங்கியிடம் திரும்பக் கேட்க ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. அதற்குக் கெடுவும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கலெக்டர் மனு வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் வங்கி, அப்புறம் கலெக்டர்.

அரசு இணையதளத்திலிருந்தெல்லாம் நிஜமாகவே கசிகிறதா? வாட்ஸ்அப் புரளி இல்லையே?

புரளி இல்லை. 2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் மாநிலச் சமூகப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முதியோர் பென்ஷன்தாரர்களின் பெயர், முகவரி, ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தது. யாரும் பூட்டை உடைக்கவில்லை, கதவே திறந்துதான் இருந்தது. அடுத்த மாதம் பெங்களூருவின் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் வெளியிட்ட அறிக்கை, மத்திய அரசின் சமூக உதவித் திட்டம், நூறு நாள் வேலைத் திட்டம், ஆந்திராவின் இரண்டு தளங்கள் என நான்கே இடங்களில் சுமார் 13 கோடி ஆதார் எண்களும் சுமார் 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் வெளியே தெரிந்ததாகக் கணக்கிட்டது. அதே ஆண்டு நவம்பரில், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்கு ஆதார் ஆணையமே பதில் சொன்னது: சுமார் 210 அரசுத் தளங்களில் பயனாளிகள் பட்டியல் ஆதார் எண்ணோடு இருந்தது, நீக்கச் சொல்லிவிட்டோம் என்று.

நம் ஊரிலும் உண்டு. 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் கார்டுதாரர்கள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர்கள் புழங்கும் ஒரு தளத்தில் கிடப்பதாக பெங்களூரு இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று தெரிவித்தது.

ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் தெரிந்தால் மட்டும் பணம் எடுத்துவிட முடியுமா?

முடியாது. ஏஇபிஎஸ் முறையில் ஆதார் எண், எந்த வங்கி என்பது, கைரேகை ஆகிய மூன்றும் வேண்டும். முதல் இரண்டு பட்டியலில் கிடைத்துவிடுகிறது. மூன்றாவதைப் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருக்கும் பெருவிரல் ரேகையிலிருந்து சிலிகானில் வார்த்து எடுத்த கும்பல்கள் பல மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. இன்னொரு வழி இன்னும் எளிது. வீட்டுக்கு மெஷினோடு வரும் வங்கி ஏஜென்ட் “ரேகை விழல பாட்டி, இன்னொரு தடவை வைங்க” என்பார். முதல் தடவையே விழுந்திருக்கும்.

பணம் போய்விட்டது என்று இப்போதுதான் தெரிந்தது. முதலில் என்ன செய்வது?

இணையப் பண மோசடிப் புகாருக்கான அரசு எண்ணான 1930-க்கு போன் போடுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க முடிந்தால் அவர்கள்தான் முடக்குவார்கள். தாமதிக்கத் தாமதிக்க அந்தக் கணக்கு காலியாகிவிடும்.

ஆனால் 1930-ல் சொன்னது வங்கியிடம் சொன்னதாக ஆகாது. பலர் சறுக்குவது இங்கேதான். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி கொண்டுவந்த விதி இப்படிச் சொல்கிறது: தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போனது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால் உங்கள் நஷ்டம் பூஜ்யம். முழுத்தொகையையும் வங்கி தர வேண்டும். அரசுத் தளத்திலிருந்து கசிந்த விவரத்தால் நடந்த திருட்டு இந்த வகையில்தான் வரும். தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வங்கி விடுமுறைகளும் கணக்கில் வராது.

ஆகவே அன்றைக்கே கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். “மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க” என்றால் வங்கியின் கட்டணமில்லா எண்ணில் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே கடிதத்தை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள். போலீஸில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வெறும் வாய்வார்த்தைக்கு எங்கேயும் மதிப்பில்லை.

கடிதம் நீளமாக வேண்டாம். பாட்டிக்கு எழுதியது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

“எனது சேமிப்புக் கணக்கிலிருந்து கீழ்க்கண்ட தேதிகளில் ஏஇபிஎஸ் மூலம் மூன்று முறை, மொத்தம் ₹17,500 எடுக்கப்பட்டுள்ளது. இவற்றை நான் செய்யவில்லை, யாரையும் செய்யச் சொல்லவுமில்லை. எனக்கு எஸ்.எம்.எஸ். எதுவும் வரவில்லை. இன்று பாஸ்புக் பதிவில்தான் தெரிந்துகொண்டேன். ரிசர்வ் வங்கி விதிப்படி பத்து வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்கவும். ஒவ்வொரு பரிவர்த்தனையும் எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்த மெஷினில், எந்த ஏஜென்ட் மூலம் நடந்தது என்ற விவரத்தையும் எழுத்துப்பூர்வமாகத் தரவும்.”

எனக்குத் தெரியவரும்போதே ஒரு மாதம் ஆகிவிட்டது. மூன்று நாள் எப்போதோ முடிந்துபோயிற்றே?

அவ்வளவு சீக்கிரம் கைகழுவிவிடாதீர்கள். மூன்று நாள் ஓடத் தொடங்குவது பணம் போன நாளிலிருந்து இல்லை, வங்கி உங்களுக்குத் தெரிவித்ததிலிருந்து. மின்னணுப் பரிவர்த்தனைக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவது வங்கியின் கடமை. பாட்டியின் கணக்கில் இருந்தது பேரனின் பழைய நம்பர், அது எப்போதோ செத்துப்போன சிம். புது நம்பரை மாற்றச் சொல்லி முந்தைய ஆண்டே படிவம் கொடுத்திருந்தார்கள், அதன் நகல் நல்ல வேளையாக ரேஷன் கார்டு கவரில் இருந்தது. வழக்கைத் தூக்கி நிறுத்தியது அந்த ஒரு தாள்தான்.

நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் தெரிவித்திருந்தால், ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்றால் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் ₹5,000 வரையும், சாதாரண சேமிப்புக் கணக்கு என்றால் ₹10,000 வரையும் உங்கள் தலையில் விழலாம், மீதியை வங்கி தர வேண்டும். சாதாரணக் கணக்கில் ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்குள் போயிருந்தால் வங்கி தர வேண்டியது எதுவும் மிஞ்சாமல் போகலாம் என்பதைக் கவனியுங்கள். ஏழு நாளும் தாண்டிவிட்டால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

மெஷினோடு வந்த ஏஜென்டே கைவரிசை காட்டியிருந்தால் இந்தக் கெடு எதுவும் பொருந்தாது. அவர் வங்கியின் ஆள், அவர் செய்ததற்கு வங்கிதான் பொறுப்பு. வங்கித் தரப்புத் தவறு என்றால் எப்போது சொன்னாலும் உங்கள் நஷ்டம் பூஜ்யம்தான்.

“கைரேகை உங்களுடையதுதானே, நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்கிறார் மேனேஜர்.

இதைச் சொல்லாத கிளையை நான் இன்னும் பார்க்கவில்லை. பதில் ஒன்றுதான்: வாடிக்கையாளர் மேல்தான் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியைச் சேர்ந்தது என்று அதே விதியில் எழுதியிருக்கிறது. ரேகை பொருந்தியது என்பது மெஷினுக்கு ஒரு ரேகை காட்டப்பட்டது என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

நம் பக்கத்தில் வலுவாக ஒரு சாட்சி வேண்டும். அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் அது. எங்கள் பாட்டியின் பணம் எடுக்கப்பட்டது வேறொரு மாநிலத்தில், முற்பகல் நேரத்தில். அதே நாள் காலை அவர் நம்மூர் ரேஷன் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கியிருக்கிறார். பில்லில் தேதியும் நேரமும் இருந்தது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு வருகைப் பதிவுப் புகைப்படம் இருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டு, பஸ் டிக்கெட், எதுவானாலும் தூக்கி எறியாதீர்கள்.

இதோடு ஆதார் தளத்தில் போய் உங்கள் அங்கீகார வரலாற்றை எடுங்கள். கடைசி ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை எந்தெந்த நிறுவனம் சரிபார்த்தது என்று தேதி, நேரத்தோடு வரும். தோற்றுப்போன முயற்சிகளும் அதில் இருக்கும். உங்களுக்குத் தொடர்பே இல்லாத பெயர்கள் வரிசையாக நின்றால் அதுவே பாதி வழக்கு.

பத்து வேலை நாளில் வரவு வைப்பார்கள் என்பது நடக்கிறதா?

விதி அப்படித்தான். புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், அதுவும் பணம் போன தேதியிட்டு வைக்க வேண்டும், அதனால் வட்டியும் நஷ்டமாகாது. 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். நடப்பில் நினைவூட்டல் கடிதம் ஒன்றாவது தேவைப்படுகிறது. பாட்டிக்கு இரண்டு தேவைப்பட்டது.

கூட்டுறவு வங்கிக் கணக்குக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். கூட்டுறவு வங்கிகளுக்குத் தனியாக 2017 டிசம்பரில் இதே விதியைக் கொண்டுவந்தார்கள். கிராம வங்கிகளும் பேமென்ட் வங்கிகளும் ஜூலை விதியிலேயே அடக்கம்.

“உரிமைத் தொகை நின்றுவிடும்” என்று போன் வந்தது. பதற்றத்தில் ஓடிபி சொல்லிவிட்டேன்.

இது சிக்கல். ரகசிய எண்ணை நீங்களே சொன்னால் அது உங்கள் கவனக்குறைவு என்று விதி சொல்கிறது. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் நஷ்டம், தெரிவித்த பிறகும் போனால் வங்கியின் நஷ்டம். அதனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். உங்கள் பெயர், கார்டு எண், எந்த மாதத் தொகை வரவில்லை என்பதெல்லாம் எதிர்முனையில் இருந்தவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். ஏமாந்தவர் கவனக்குறைவானவர் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவது நியாயமில்லை என்பது என் கட்சி. நம் விவரத்தையே நம்மிடம் ஒப்பிக்கிறவனை அதிகாரி என்று நம்பாமல் என்ன செய்வது?

வங்கி கைவிரித்துவிட்டது. அடுத்து?

30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், இணையத்தில் போடலாம், தபாலிலும் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். 2021-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி நஷ்டத்துக்கு ₹20 லட்சம் வரையிலும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக ₹1 லட்சம் வரையிலும் வழங்க அவருக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. அலைச்சலுக்கு என்று ஒரு தொகை கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், ₹5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இங்கே வங்கியைத்தான் எதிர்மனுதாரராகப் போட முடியும். இலவச உதவித்தொகை கொடுத்த அரசுத் துறையைப் போட்டால் “நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நுகர்வோர் இல்லையே” என்பார்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது, ஆனால் அரசுத் துறை அதில் வராது. 43ஏ பிரிவு, முக்கியமான விவரங்களை அலட்சியமாக வைத்திருந்து இழப்பு ஏற்படுத்தினால் நஷ்ட ஈடு தரவேண்டும் என்கிறது. யார் தரவேண்டும் என்றால் ‘வணிகமோ தொழிலோ செய்யும் நிறுவனம்’. அரசு இலாகா அந்த வரையறைக்குள் வராது. துறைக்காகத் தளத்தை நடத்திய தனியார் கம்பெனி வரும். அதனால்தான் கசிந்தது யார் கையிலிருந்து என்று தோண்டுவது அவசியம்.

43-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் கணினிக்குள் புகுந்து விவரம் எடுத்தவரிடம் நஷ்ட ஈடு கேட்க வழி செய்கிறது. இந்த மனுக்களை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். ₹5 கோடி வரை அவரே தீர்ப்பளிக்கலாம். 2010-ல் தமிழ்நாட்டில் இப்படி ஒரு தீர்ப்பு வந்தது. தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவரின் பணத்தைப் போலி மின்னஞ்சல் மூலம் எடுத்துவிட்டார்கள், ஒரு பெரிய தனியார் வங்கி ₹12.85 லட்சம் தர வேண்டும் என்று செயலாளர் உத்தரவிட்டார். கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் சின்னத் தொகைக்கு இந்த வழி கட்டுப்படியாகாது.

புது டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, அதில்?

2023-ல் நிறைவேறிய சட்டம், விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். அப்போது ஒரு நல்லது நடக்கும்: உங்கள் விவரம் கசிந்தால் உங்களுக்கே சொல்ல வேண்டும் என்ற கடமை வரும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் ₹250 கோடி வரை அபராதமும் உண்டு.

அபராதம் உங்களுக்கு வராது. இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். மத்திய அரசுத் துறை ஒன்று கட்டினால் வலது பையிலிருந்து இடது பைக்குப் போன மாதிரி. 2019 மசோதாவில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்று ஒரு பிரிவு இருந்தது, 2023 சட்டத்தில் அதைக் காணோம். போதாததற்கு மேலே சொன்ன 43ஏ பிரிவும் அதே 2027 மே மாதத்தோடு நீக்கப்படுகிறது. பொய்ப் புகார், அற்பப் புகார் கொடுத்தால் குடிமகனுக்கு ₹10,000 வரை அபராதம் என்பதை மட்டும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் உயர் நீதிமன்றம்?

அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவில் ரிட் மனு போடலாம், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ. அடித்தளம் 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் கொடுத்த தீர்ப்பு: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அடிப்படை உரிமையை அரசு மீறினால் ரிட் மனுவிலேயே இழப்பீடு வழங்கலாம் என்பதற்கு ருதுல் ஷா (1983), நீலாபதி பெஹரா (1993) வழக்குகளைக் காட்டுவார்கள். முன்னதில் விடுதலையான பிறகும் 14 ஆண்டு சிறையில் கிடந்தவருக்கு ₹35,000, பின்னதில் காவலில் இறந்த இளைஞரின் தாய்க்கு ₹1,50,000. இரண்டுமே உடலும் உயிரும் சம்பந்தப்பட்டவை. பட்டியலில் பெயர் வெளியானதை அவற்றின் பக்கத்தில் நிறுத்திக் காட்டுவது உங்கள் வக்கீலின் பாடு.

தனி ஒருவராகப் போவதைவிட, ஒரே பட்டியலில் இருந்த பலர் சேர்ந்து போவது மேல். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், எண் 15100.

என் விவரம் அந்தத் துறையிலிருந்துதான் கசிந்தது என்று எப்படி நிரூபிப்பது?

பட்டியல் இன்னும் இணையத்தில் தெரிந்தால் முகவரியும் தேதியும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பிறகு பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு. பட்டியல் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பொதுப் பார்வையில் இருந்தது, தளத்தைப் பராமரிக்கும் நிறுவனம் எது, சம்பவத்தை மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எப்போது தெரிவித்தீர்கள் என்று கேளுங்கள். 2022 ஏப்ரல் உத்தரவுப்படி அரசு அலுவலகங்களும் ஆறு மணி நேரத்துக்குள் அங்கே தெரிவித்தாக வேண்டும். கேள்வியைத் துறைக்கே அனுப்புங்கள். செர்ட்-இன்னுக்கு அனுப்பினால் வேலைக்கு ஆகாது, 2023 நவம்பரில் அதைத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள்.

வங்கிப் பணத்தைத் திரும்பப் பெற இந்த நிரூபணம் தேவையில்லை. நீங்கள் எடுக்கவில்லை என்பது போதும்.

வெளிநாட்டில் மட்டும் தருகிறார்களா?

பிரிட்டனில் சட்டம் தருகிறது. அங்கே 2007-ல் குழந்தை உதவித்தொகை வாங்கும் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டரைக் கோடிப் பேரின் விவரம் அடங்கிய இரண்டு சிடிகள் தபாலில் தொலைந்தன, வரித்துறைத் தலைவர் பதவி விலகினார். இன்று அங்கே அரசுத் துறை கசியவிட்டாலும், பண நஷ்டத்துக்கும் மன உளைச்சலுக்கும் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கும் உரிமை எழுத்திலேயே இருக்கிறது.

“இழப்பீடு சாங்ஷன் ஆகிவிட்டது, ₹499 கட்டுங்கள்” என்று ஒருவர் கூப்பிடுகிறார்.

வைத்துவிட்டு 1930-ல் சொல்லுங்கள். அவரிடம் இருப்பது அதே பட்டியல்.

கைரேகையைப் பூட்டி வைத்தால் ரேஷன் கடையில் என்ன செய்வது?

ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டினால் ஏஇபிஎஸ் திருட்டு நடக்காது. ரேஷன் கடை மெஷினிலும் ரேகை ஏறாது. கடை வாசலில் நின்று தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். இதற்கு ஆதாரில் பதிந்த மொபைல் எண் கையில் இருக்க வேண்டும். பாட்டிக்கு இது ஒத்துவரவில்லை. வரிசையில் முன்னால் போனதும் பேரனுக்கு போன் போட்டு, அவன் எடுப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் வங்கியில் எழுதிக் கொடுத்து அவர் கணக்கில் ஏஇபிஎஸ் வசதியை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டோம். பென்ஷன் எடுக்க இப்போது கிளைக்கே போகிறார், திரும்பும்போது பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வருகிறார்.